பாதி மன்னிப்பு

அன்புள்ள சேகர்,

ஏழு மாதமாக உனக்குப் பதில் போடவில்லை. காரணம் சொல்லப் போனால் பொய்தான் வரும். வீட்டில் எல்லோரும் நலம், என் முதுகுவலியும் நலம். பாலா இன்னும் அந்தப் பழைய கணினியைக் கட்டிக்கொண்டு அழுகிறான். சரி, மன்னிப்புக் கேட்கத்தான் எழுதுகிறேன். முழுசாக இல்லை, பாதி.

லெனார்ட்-ஜோன்ஸ் சண்டை ஞாபகம் இருக்கிறதா? அதுதான், துகள்கள் ஒன்றையொன்று ஈர்த்தும் தள்ளியும் இருக்கும் அந்த எளிய மாதிரியை இருவரும் கணினியில் ஓட்டிப் போட்ட சண்டை. மாதிரியின் சொந்த அலகில் வெப்பநிலை 1.15-இல், துகள்களைக் குருட்டாம்போக்கில் நகர்த்திப் பார்க்கும் உன் மான்டி கார்லோவில் திரவமும் ஆவியும் அழகாகப் பிரிந்து நின்றன. விசையைக் கணக்கிட்டுத் துகள்களை ஓடவிடும் என் மூலக்கூறு இயக்கவியலில் பிரியவே மாட்டேன் என்றன. நீளப் பெட்டியின் நடுவில் திரவப் பாளத்தை வைத்து ஓடவிட்டால் கொஞ்ச நேரத்தில் விளிம்பு தளர்ந்து, பாளம் கரைந்து, பெட்டி முழுக்க ஒரே அடர்த்தி. துகள்களுக்கு இடையிலான ஈர்ப்பின் வாலை இருவரும் 2.5 சிக்மாவில்தான், அதாவது இரண்டரைத் துகள் விட்டத்தில்தான், வெட்டினோம், அதனால் உன் நிரலில்தான் பிழை என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். நீயும் சும்மா இருக்கவில்லை, வெப்பநிலையைப் பிடித்து வைக்கும் என் தெர்மோஸ்டாட்டைக் கேலி செய்தாய். அது தனிக் கணக்கு.

அப்புறம் மூன்று வாரம் அந்தத் தெர்மோஸ்டாட்டை மாற்றினேன், நேரப் படியைப் பாதியாக்கினேன், துகள்களை நான்கு மடங்காக்கினேன். பாளம் கரைந்துகொண்டேதான் இருந்தது. வேறு வழியில்லாமல் காகிதத்தை எடுத்து, வெட்டும் இடத்தில் ஆற்றல் எவ்வளவு என்று போட்டுப் பார்த்தேன்: -0.0163 எப்சிலான். எப்சிலான் என்பது ஒரு ஜோடியின் ஈர்ப்பு ஆற்றலின் முழு ஆழம், அதன் முன் இது தூசு! ஆனால் உன் மான்டி கார்லோ ஆற்றலைப் பார்த்துத்தான் ஒவ்வொரு நகர்வையும் ஏற்கிறது, அந்தச் சின்னப் படி அதற்குத் தெரியும். என் நிரலுக்கு விசை மட்டும்தான் தெரியும், படியை அது பார்க்கவே இல்லை. ஆக, எனக்கே தெரியாமல், வெட்டியதோடு மேலே தூக்கியும் வைத்த வேறொரு பாய்மத்தை ஓட்டியிருக்கிறேன். அதன் மாறுநிலை வெப்பநிலை, அதாவது அதற்கு மேல் திரவமும் ஆவியும் பிரியாத எல்லை, சுமார் 1.08. உன்னுடையதற்கு 1.19. வாலை வெட்டாமல் விட்டால் 1.31. நீ மாறுநிலைக்குக் கீழே, நான் மேலே. என் பாளம் எப்படியடா நிற்கும்?

தூசு என்றேனே, 0.8 அடர்த்தியில் அந்த வட்டத்துக்குள் ஒரு துகளைச் சுற்றி ஐம்பதுக்கு மேல் ஆட்கள். ஜோடிக்குப் பாதி என்று கணக்குப் போட்டாலும் துகள் ஒன்றுக்கு 0.43 எப்சிலான் போய்விடுகிறது. வெட்டிய வாலிலும் கிட்டத்தட்ட அதே அளவு.

இப்போது தூக்கம் கெடுப்பது வேறு. போன வருஷ அறிக்கையில் ஆர்கானுக்காக என் 1.08-ஐ அதன் எப்சிலானுக்குச் சமமான 120 கெல்வினால் பெருக்கி 130 என்று போட்டேன். உண்மையான ஆர்கானுக்கு 150.7. உடனே இந்த மாதிரியே சரியில்லை என்று ஒரு பத்தி முழுக்கத் திட்டியிருக்கிறேன், சேகர்! வாலோடு கணக்குப் போட்டிருந்தால் 157 வந்திருக்கும், அவ்வளவு மோசமில்லை. திருத்தம் எழுத உட்கார்ந்தால் முதல் வரியே வரமாட்டேன் என்கிறது.

எனக்காக ஒரு ஓட்டம் மட்டும் போடு. உன் நிரலில் ஆற்றலை அந்த 0.0163 அளவு மேலே தூக்கி வைத்து, அதே 1.15. உன் திரவமும் கரைந்தால் திருத்தத்தில் உன் பெயரையும் போடுகிறேன். கரையாவிட்டால் இந்த மன்னிப்பு வாபஸ்.

உன்,
மணி