அப்பாயி கேட்ட கணக்கு

ஆக்லாந்து,
ஆடி 5

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கு நலம். உன் கடிதம் கிடைத்தது. நெய்ப்பந்தம் பிடிக்க நான் வந்து சேர்வேனா, எத்தனை மணி நேரம் ஆகும் என்று அப்பாயி கேட்டதாக எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை. அந்தப் பேச்சே வேண்டாம் என்று சொல். ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

இங்கிருந்து சிங்கப்பூர் 8,400 கிலோமீட்டர். அங்கிருந்து திருச்சி ஏறக்குறைய 3,000. நேர் விமானம் இருப்பதால் சென்னை சுற்ற வேண்டியதில்லை. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகக் காற்று பலமாக அடிக்குமாம். அதனால் சிங்கப்பூரிலிருந்து இங்கே வர 10 மணி நேரம் போதும். ஊர்ப்பக்கம் திரும்பத்தான் 11 மணி நேரம் வரை இழுக்கும். சிங்கப்பூரில் காத்திருப்பு, திருச்சிக்கு 4 மணி நேரத்துக்குச் சற்று மேல், அப்புறம் லால்குடிக்குக் கார். எல்லாம் ஒத்து வந்தால் ஒரு நாளுக்குள் அப்பாயி பக்கத்தில் இருப்பேன்.

டிக்கெட்டைப் பற்றி நீ யோசிக்காதே. இப்போது பள்ளி விடுமுறை, விலை கூடுதல். ஆவணிக்கு மேல் குறையும். இரவு ஷிப்டும் கேட்டு வாங்கியிருக்கிறேன், வேலை நன்றாகப் போகிறது.

இங்கே ஆடிதான் நடுக்குளிர். இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொள்வதால் ஹீட்டர் அதிகம் தேவைப்படவில்லை. பக்கத்து வீட்டுச் சமோவா பாட்டி ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்ததும் ஒரு தட்டு கொண்டுவந்து தருவார். சேம்பு இலையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்தது. நாம் மிளகாய் போடுவோம், அவர்கள் போடுவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அவருடைய ஊர் ஆப்பியாவுக்கு இங்கிருந்து 4 மணி நேரப் பயணம்தான். ஆனாலும் ஊர்ப்பேச்சு எடுத்தால் கண் கலங்கிவிடுகிறார்.

அப்பாவிடம் ஒன்று சொல், சந்தோஷப்படுவார். விமானமே இல்லாத காலத்தில் தமிழ் எழுத்து பொறித்த கப்பல் மணி ஒன்று இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. வெலிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

வீடு மாங்கரேயில், விமான நிலையத்துக்குப் பக்கம். தூக்கம் வராத இரவில் ஒவ்வொரு சத்தத்துக்கும் இது சிங்கப்பூர் போவதாக இருக்குமோ என்று தோன்றுகிறது. பதினெட்டாம் பெருக்குக்குக் கொள்ளிடக் கரையில் நீ பிசைந்து உருட்டித் தரும் புளியோதரை வேண்டும் அம்மா. வேறொன்றும் வேண்டாம்.

சரி, வீட்டு விஷயம். செல்வி வளைகாப்புக்கு வளையல் என் கணக்கு, கடையில் சொல்லி வை. சீட்டை இந்த மாதம் எடுக்காதே, தள்ளு அதிகம் போகும். வாய்க்கால் வரப்பை அளக்க சர்வேயர் வருகிற அன்று அப்பா தனியாக நிற்க வேண்டாம், சின்ன மாமாவை முன்கூட்டியே வரச் சொல். பழைய பத்திரம் பீரோவின் மேல்தட்டில், அப்பாயியின் பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது. அப்பாயிக்குப் பிரஷர் மாத்திரையைக் காலையில் உன் கையாலேயே கொடு.

அன்புடன்,
முருகேசன்