அரை மணித்தியாலம் போதாது
நோர்வேத் தமிழ்ப் பாடசாலைகளுக்கும் சங்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பொறுப்பாளர்களுக்கு, வணக்கம்.

மேல் வகுப்புப் பிள்ளைகளைக் கோடை விடுமுறையில் வடக்கே கூட்டிப்போகும் பயணத்துக்கான அறிவித்தல் ஒன்று என் கைக்கும் வந்து சேர்ந்தது. எந்தச் சங்கத்தினுடையது என்பது இங்கே தேவையில்லை. வேறு சங்கங்களின் அட்டவணைகளும் இதே அச்சில்தான் இருக்கின்றன. நள்ளிரவுச் சூரியன், நோர்ட்காப் முனையில் குழுப்படம், ட்ரொம்சோவில் கேபிள் காருக்கு இரண்டு மணித்தியாலம். அதற்குக் கீழே, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் மிஞ்சிய இடத்தில் செருகியதுபோல, "துருவ நூதனசாலை: 30 நிமிடம்".

பயணம் போவதை நான் குறை சொல்லவில்லை. இவ்வளவு தூரம் போகிறவர்கள் அந்த வாசலில் அரை மணித்தியாலம் நின்றுவிட்டுத் திரும்பக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒஸ்லோவின் மற்றப் பிள்ளைகளுக்கு இல்லாத உரிமை ஒன்று நம்முடைய பிள்ளைகளுக்கு அந்தக் கரையில் இருக்கிறது. அது என்ன உரிமை என்று பிறகு சொல்கிறேன்.

ட்ரொம்சோ துருவ நூதனசாலை 1830களில் கட்டிய பழைய சுங்கக் கிடங்கில், துறைமுகத்தோரமாக இருக்கிறது. 1978 ஜூன் 18ஆம் திகதி திறந்தார்கள். நாள் பார்த்துத்தான் திறந்தார்கள். அதற்குச் சரியாக ஐம்பது ஆண்டுகளுக்கு முன், 1928 ஜூன் 18 அன்று, இதே ட்ரொம்சோவிலிருந்துதான் நோர்வேயின் துருவப் பயணி ருவால் அமுண்ட்சன் 'லாதம்' கடல்விமானத்தில் ஏறிப் போனார். பனியில் விழுந்த 'இத்தாலியா' ஆகாயக் கப்பலையும் அதன் தலைவர் நொபிலேயையும் தேடிப் போன பயணம் அது. நொபிலேயும் அவரும் முன்பு ஒன்றாகப் பறந்து, பிறகு ஊரறியச் சண்டைபிடித்தவர்கள். நொபிலே உயிரோடு மீட்கப்பட்டார். அமுண்ட்சனும் கூடப் போன ஐந்து பேரும் திரும்பவில்லை. ஓகஸ்ட் கடைசியில் ஒரு மீன்பிடிப் படகுக்கு விமானத்தின் மிதவை ஒன்று மட்டும் அகப்பட்டது. கோபக்காரன், பெருமைக்காரன் என்று பெயரெடுத்த மனிதர், பகையாளிக்கு ஆபத்து என்றதும் கிளம்பிவிட்டார். இந்தக் கதை ஒன்றைப் பிள்ளைகளுக்கு ஒழுங்காகச் சொல்லி முடிப்பதற்கே உங்கள் அரை மணித்தியாலம் சரியாகிவிடும்.

உள்ளே வேடர்களின் பகுதி இருக்கிறது. ஸ்வால்பார்ட் தீவுகளில் குளிர்காலம் முழுவதும் தங்கிக் கரடியும் நரியும் பிடித்தவர்கள் இவர்கள். அங்கே ஒரு பொறியைக் காணலாம். கால்கள் வைத்து உயர்த்திய மரப்பெட்டி, முன்பக்கம் திறந்திருக்கும். பெட்டிக்குள்ளே துப்பாக்கி பொருத்தியிருக்கும். அதன் விசையிலிருந்து ஒரு கயிறு இரைத்துண்டு வரைக்கும் போகும். கரடி தலையை உள்ளே விட்டு இரையை இழுத்தால் குண்டு முகத்துக்கு நேரே வரும். வேடன் பக்கத்தில் நிற்கத் தேவையில்லை. தூங்கி எழுந்து போய்ப் பார்த்தால் போதும். ஹென்ரி ருடி என்றவரின் கணக்கில் மட்டும் 713 கரடிகள். வன்னி வோல்ட்ஸ்டாட் என்ற பெண் ட்ரொம்சோவில் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தவர். 1932இல் ஸ்வால்பார்டுக்குப் போய் வேட்டைக்காரியானார். அவருடைய கணக்கு 77. 1973இல்தான் அங்கே துருவக்கரடிக்குப் பாதுகாப்பு வந்தது.

"பிள்ளைகள் பயந்துவிடுவார்கள், அந்தப் பகுதியைத் தவிர்ப்போம்" என்று ஒரு ஆசிரியை என்னிடம் சொன்னார். தவிர்க்கவேண்டாம் அம்மா. பிள்ளைகள் இதைவிட மோசமானதைத் தொலைபேசியில் பார்க்கிறார்கள். அந்தப் பெட்டிக்கு முன்னால் நிறுத்தி, இதைச் செய்தவன் கொடியவனா, கூலிக்காரனா, தோலை வாங்கியவர் யார், காசு யாரிடம் போனது என்று கேளுங்கள். வரலாற்றுப் பாடம் அங்கேயே தொடங்கிவிடும்.

அமுண்ட்சன் பகுதியிலும், அவருடைய வெற்றிக்குப் பின்னால் இருந்தவர்கள் யார் என்று கேட்கலாம். 1903இல் அவர் 'யோவா' என்ற சின்னக் கப்பலில் வடமேற்குக் கடல்வழி தேடிப் புறப்பட்டு, இன்றைய கனடாவின் வடக்கில் கிட்டத்தட்ட இரண்டு ஆண்டுகள் நங்கூரமிட்டு இருந்தார். அங்கிருந்த நெற்சிலிக் இனூயிட் மக்களிடம்தான் தோலாடை அணியவும் குளிரில் வியர்க்காமல் நடக்கவும் கற்றுக்கொண்டார். 1911 டிசம்பர் 14ஆம் திகதி தென்துருவத்தை முதலில் தொட்டதற்கு அந்தப் படிப்பு பெரிய காரணம். வெற்றிப் படத்தில் நிற்பவர்கள் எல்லோரும் நோர்வேக்காரர். அந்த அறிவைக் கொடுத்த கைகளுக்குப் பெயர் இல்லை. அமுண்ட்சன் அங்கிருந்து கொண்டுவந்து ஒஸ்லோவில் இருந்த பொருள்களில் சில 2013இல் அந்த மக்களின் ஊரான யோவா ஹேவனுக்குத் திரும்பிப் போயின. அங்கே இப்போது அவர்களுக்கென்று ஒரு பண்பாட்டு நிலையமும் உண்டு.

வடக்கின் பழங்குடிகளான சாமி மக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ட்ரொம்சோவில் 1872இல் தொடங்கிய பல்கலைக்கழக நூதனசாலை தனியாக இருக்கிறது. சாமி பகுதியைப் பார்க்க அங்கே போகவேண்டும். வடகோடி மாகாணமான பின்மார்க்கின் கரையில் வாழ்ந்த கடல் சாமிகள் மீனையும் சிறு பண்ணையையும் நம்பி இருந்தவர்கள். கலைமான் மேய்த்தவர்களைப்போல சுற்றுலா அட்டைகளில் வருவதில்லை. நோர்வேமயமாக்கல் என்ற அரசுக் கொள்கை கடுமையாக விழுந்தது இவர்கள் மேல்தான். பாடசாலையில் தாய்மொழியை அடக்கினார்கள், இரண்டு மூன்று தலைமுறையில் ஊர் ஊராக மொழி போய்விட்டது. 2024 நவம்பரில்தான் நாடாளுமன்றம் மன்னிப்புக் கேட்டது. ஆண்டர்ஸ் பொல்சன் என்ற முதிய சாமியிடமிருந்து 1691இல் பறித்த சடங்கு மேளத்தின் கதையையும் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு வாட்சோவில் அவரை மாந்திரீகக் குற்றத்துக்காக விசாரித்தார்கள். தீர்ப்பு வருமுன்னே காவலில் இருந்தபடி கோடரியால் கொல்லப்பட்டார். மேளம் டென்மார்க்குக்குப் போனது. அதன் உரிமை 2022இல்தான் கராஷொக்கில் உள்ள சாமி நூதனசாலைக்குக் கிடைத்தது.

இதைப் படித்ததும் "நமக்கும் அதே கதைதான், தமிழைக் காப்பாற்றுவோம்" என்று மேடையில் பேசச் சிலருக்கு ஆசை வரும். தயவுசெய்து அப்படிச் செய்யவேண்டாம். சனிக்கிழமை தமிழ்ப் பாடசாலைக்கு நகரசபை கட்டடம் தரும் நாட்டில் இருந்துகொண்டு, பேசியதற்காகத் தண்டிக்கப்பட்ட பிள்ளைகளின் கதையை நம்முடையதாக்கிக்கொள்வது நியாயமில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டால் போதும்.

இனி அந்த உரிமையைப் பற்றி. அந்தக் கரையில் உழைத்தவர்களின் பிள்ளைகள் என்ற உரிமை அது. மீனுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நோர்வேக்கும் உள்ள தொடர்பு பழையது. 1956இல் இங்கே வந்து, மீன்பிடித் தொழிலைக் கற்றுக்கொண்டு, 1967இல் ஊரில் சீநோர் மீன்பிடி நிறுவனத்தைத் தொடங்கிய அன்ரனி இராஜேந்திரத்தை மூத்தவர்கள் அறிவார்கள். 1980களில் வந்தவர்களில் பலர் தங்கிப் படிக்கும் மக்கள் கல்லூரிகளில் இடம் எடுத்து வந்தார்கள், பிறகு அகதிகளாகவும் வந்தார்கள். வேலை கிடைத்தது வடக்கில். உள்ளூர் இளைஞர் தெற்கே போய்க்கொண்டிருந்த பின்மார்க் மீன் தொழிற்சாலைகளில் நம்மவர்கள் போய் நின்றார்கள். நானும் அப்படி நின்றவன்.

அந்த வேலையை இன்றைய பிள்ளைகள் கண்டதில்லை. வெள்ளை அங்கி, வெள்ளை பூட்ஸ், தலைக்கு வலை, ரப்பர் கையுறைக்குள்ளே இன்னொரு நூல் கையுறை. முன்னால் கீழிருந்து வெளிச்சம் வரும் கண்ணாடி மேசை. தொர்ஸ்க் (கொட்) மீனின் சதைத்துண்டு அதன்மேல் வந்து விழும், வெளிச்சத்தில் புழுவும் எலும்பும் கறுப்புப் புள்ளியாகத் தெரியும், கத்தி நுனியால் தோண்டி எடுத்துவிட்டு அடுத்ததற்குப் போகவேண்டும். வேகத்துக்குத் தக்க கூலி. அதை நாங்கள் 'அக்கோர்ட்' என்றுதான் சொல்வோம், இன்றைக்கும். குளிர்காலத்தில் பகல் முழுவதும் இருட்டு, ஆலைக்குள் மட்டும் கண்ணைக் குத்தும் வெளிச்சம். மாலையில் கை விரல் மடங்காது. அந்த விரலால்தான் ஊருக்குக் கடிதம் எழுதினோம். பக்கத்து மேசையில் நின்ற நோர்வே அம்மாமார் பலர் அதே வேலையில் முழங்கை போனவர்கள். நோர்வே மொழி எனக்கு வகுப்பறையில் வந்ததைவிட அவர்களிடமிருந்து வந்ததுதான் அதிகம். அது வடக்கத்திப் பேச்சு என்பதை ஒஸ்லோவுக்கு வந்தபிறகுதான், மற்றவர்கள் சிரித்தபோது, அறிந்துகொண்டேன்.

பின்மார்க்கே ஒரு எரிந்த மாகாணம் என்பதும் பிள்ளைகளுக்குத் தெரியவேண்டும். 1944 இலையுதிர் காலத்தில் பின்வாங்கிய ஜேர்மன் படை பின்மார்க்கையும் வட ட்ரொம்சையும் வீடு வீடாகக் கொளுத்தியது. சுமார் 50,000 பேரைத் தெற்கே அனுப்பினார்கள். மிச்சம் ஆயிரக்கணக்கானவர்கள் குகைகளிலும் படகுக்கு அடியிலும் ஒளிந்து குளிர்காலத்தைக் கழித்தார்கள். ஹமர்பெஸ்ட் நகரத்தில் இடுகாட்டுச் சிற்றாலயம் ஒன்றைத் தவிர எதுவும் நிற்கவில்லை. அந்த நகரத்திலேயே மீள்கட்டுமான நூதனசாலை இருக்கிறது. 1983 கலவரத்துக்குப் பிறகு ஊரைவிட்டு வந்தவர்கள் அந்த ஊர்களில் ஒதுங்கியபோது, வீடு எரிந்தால் என்ன செய்வது என்று தெரிந்த ஒரு முதிய தலைமுறை அங்கே இன்னும் உயிரோடு இருந்தது. எங்களுக்குப் பழைய கம்பளியும் சட்டிபானையும் கொண்டுவந்து தந்தவர்களில் அவர்களும் உண்டு. உங்கள் அட்டவணையில் ஹமர்பெஸ்டுக்குப் போட்டிருப்பது எரிபொருள் நிறுத்தம் மட்டும்.

ஆகவே என் கேட்பு இதுதான். ட்ரொம்சோவில் நூதனசாலைக்கு அரைநாள் ஒதுக்குங்கள், கேபிள் காரைச் சுருக்கினால் நேரம் வரும். ஹமர்பெஸ்டில் பஸ்ஸை விட்டு இறங்குங்கள். ஒவ்வொரு பஸ்ஸிலும் வடக்கில் மீன் ஆலையில் வேலை செய்த ஒருவரையாவது, முடிந்தால் ஒரு ஆணும் ஒரு பெண்ணுமாக, ஏற்றிக்கொள்ளுங்கள். விளக்கம் கொடுக்கும் நோர்வே வழிகாட்டி ஆய்வுப்பயணங்களைப் பற்றிச் சொல்லட்டும். அதற்குப் பிறகு வெளியே துறைமுகத்தில் நின்று ஆலையில் வேலை செய்தவர்கள் கதைக்கட்டும்.

இதைவிடப் பெரிய வேலை ஒன்று உண்டு. 1986இல் இருபது வயதில் வந்தவருக்கு இன்று அறுபது. அலுமாரிக்குள் கிடக்கும் சம்பளத் துண்டுகள், ஆலையில் எடுத்த படங்கள், அந்தக் கத்தி, ஊரிலிருந்து வந்த கசெட்டுகள் எல்லாம் வீடு மாறும்போது குப்பைக்குப் போகின்றன. ஒரு அம்மா தன் பூட்ஸை எறிந்துவிட்டதாகப் போன மாதம் சொன்னார். நோர்வேயின் கடலோர நூதனசாலைகள் சாதாரண மீனவரின் தூண்டில் பெட்டியையும் உறைந்த கையுறையையும் பாதுகாக்கின்றன. நம்முடையதையும் வாங்கிக்கொள்வார்களா என்று கேட்பதற்கு முன்னால், நம்மிடம் என்ன இருக்கிறது, எந்த ஊரில் எந்த ஆண்டு எடுத்தது, படத்தில் நிற்பவர் யார் என்று எழுதிவைக்கவேண்டும். பெயரும் ஆண்டும் இல்லாத பெட்டியை எந்த நூதனசாலையும் கையாள முடியாது. அந்த எழுத்துவேலையைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுங்கள். தமிழிலும் நோர்வே மொழியிலும் எழுதட்டும். சொல்பவர் சம்மதித்ததை மட்டும் எழுதட்டும். வேலையில் அழுததையும், கூலியில் ஏமாற்றப்பட்டதையும், தமிழனே தமிழனை அக்கோர்ட்டில் முந்தித் தள்ளியதையும் சேர்த்து எழுதட்டும். டொக்டர், எஞ்சினியர் ஆன பிள்ளைகளின் பட்டியல் வேறு எங்கேயும் கிடைக்கும்.

பயணத்துக்கான முற்பணம் இன்னும் முழுதாகக் கட்டவில்லை என்று அறிந்தேன். ஆகவே அட்டவணையை மாற்ற இடமிருக்கிறது. அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் இதை ஒரு விடயமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆலையில் வேலை செய்த ஆட்களைத் தேடித் தருவது என் பொறுப்பு. ட்ரொம்சோவில் அந்த அரைநாளுக்கு நானே வந்து நிற்கவும் ஆயத்தம், என் செலவில்.

அன்புடன்,
பின்மார்க்கில் முன்பு மீன் வெட்டிய ஒருவர்,
ஒஸ்லோ