இடம் தரும் கடிதத்திலேயே கணக்கையும் சொல்லிவிடலாமே

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

பிப்ரவரி இறுதியில் சிங்கப்பூரில் மேல்நிலை (ஏ லெவல்) தேர்வு முடிவுகள் வந்தால் போதும், அடுத்த சில வாரங்களுக்கு நம் வீடுகளில் ஒரே பேச்சுதான். எந்தப் படிப்புக்கு எவ்வளவு புள்ளி வேண்டும், போன வருஷம் எத்தனை புள்ளிக்காரருக்கு இடம் கிடைத்தது என்று. 2026 சேர்க்கையிலிருந்து பல்கலைக்கழக நுழைவுப் புள்ளியின் உச்சம் 90இலிருந்து 70 ஆகியிருப்பதால் பேச்சு இன்னும் கூடிவிட்டது. மூன்று எச்2 (முழுநிலை) பாடங்களும் பொதுத்தாளும்தான் கணக்கு, நான்காவது பாடம் புள்ளியைத் தூக்கிவிட்டால் மட்டும் சேரும், புராஜெக்ட் வொர்க் என்ற குழுத் திட்டப் பாடத்தில் தேர்ச்சி பெற்றால் போதும். இதையெல்லாம் பிள்ளைகளே நமக்குப் பாடம் எடுத்துவிடுவார்கள். பலதுறைத் தொழிற்கல்லூரிப் பிள்ளைகளும் தங்கள் ஜிபிஏ (சராசரி மதிப்பெண் புள்ளி) எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள்.

நான் எழுத வந்தது பணத்தைப் பற்றி.

என் அக்கா மகளுக்கு இரண்டு பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்தது. ஒன்றின் கட்டணம் மற்றதைவிட ஆண்டுக்குச் சில ஆயிரம் வெள்ளி அதிகம். அரசாங்க மானியம் போகவே சிங்கப்பூரர்கள் பெரும்பாலான படிப்புகளுக்கு ஆண்டுக்கு 8,000 வெள்ளிக்கு மேல் கட்ட வேண்டியிருக்கிறது. சில இடங்களில் அது 11,000ஐத் தாண்டிவிடும். எதை ஏற்பது என்று மே மாதத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் உதவிநிதி எவ்வளவு கிடைக்கும் என்பது, இடத்தை ஏற்று, விண்ணப்பம் போட்டு, சம்பளச் சீட்டுகளை அனுப்பிய பிறகுதான் தெரியவரும். அவள் மனம் போனது கட்டணம் கூடிய இடத்தின் மீது. கடைசியில் விலைப்பட்டியலைப் பார்த்து மலிவானதைத் தேர்ந்தெடுத்தாள். உதவிநிதியைக் கழித்துப் பார்த்தால் எது மலிவு என்று அன்றைக்கு வீட்டில் யாருக்கும் தெரியாது.

உதவி இல்லாமல் இல்லை. கல்வி அமைச்சின் உதவிநிதி இருக்கிறது, ஒவ்வொரு பல்கலைக்கழகமும் சொந்தமாகத் தருவது இருக்கிறது, இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவும் இந்து அறக்கட்டளை வாரியமும் கொடுக்கின்றன. குறைந்த வருமானக் குடும்பமென்றால் கல்விக் கட்டணம் முழுவதையும் பல்கலைக்கழகமே ஈடுகட்டும் ஏற்பாடுகளும் உண்டு. பள்ளிக் காலத்தில் அரசாங்கம் பணம் போடும் எடுசேவ் கணக்கில் மிஞ்சிய பணம் உயர்நிலைப் பள்ளிக்குப் பிந்திய கல்விக் கணக்குக்கு மாறிப் பிள்ளையின் பெயரில் கிடக்கிறது. அதையும் கட்டணத்துக்கு எடுக்கலாம். அது இருப்பதே பல வீடுகளில் நினைவில் இருப்பதில்லை.

இவற்றில் பலவற்றுக்கும் அடிப்படை, குடும்பத்தின் மொத்த மாத வருமானத்தை ஆள்கணக்கில் வகுத்து வரும் தொகை. கேட்க எளிது. போட்டுப் பாருங்கள், தெரியும். மசே நிதி (மத்திய சேமநிதி, அதாவது சிபிஎஃப்) பிடித்தம் போகக் கையில் வரும் சம்பளம் இல்லை இது. ஓவர்டைம், படிகள், போனஸ் எல்லாம் அடக்கம். அத்தான் லாரி ஓட்டுகிறார். சீட்டுகளைச் சாப்பாட்டு மேசையில் பரப்பினால் ஒரு மாதம் போல் இன்னொரு மாதம் இல்லை. ஆண்டிறுதியில் ஓவர்டைம் வீங்கியிருக்கிறது, சீனப் புத்தாண்டு மாதத்தில் வற்றிக் கிடக்கிறது. மூத்தவன் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தான். அவன் வீட்டுக்குக் கொடுப்பது 300 வெள்ளி, கணக்கில் ஏறுவதோ முழுச் சம்பளம். பாட்டியைச் சேர்த்தால் ஒரு தலை கூடும், ஆனால் பாட்டியின் அடையாள அட்டையில் சின்ன மாமா வீட்டு முகவரி. கூட்டி, வகுத்து, அழித்து, மறுபடி எழுதியும் எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று முடிவாகவில்லை.

சரி, உதவி கிடைக்காவிட்டால் கடன். “வெளிக்கடன் எதுக்கு, அப்பாவோட சிபிஎஃப் இருக்கே” என்பதுதான் நம்மவர்கள் முதலில் சொல்வது. அப்பா பணம் என்பதால் அது கடன் மாதிரியே தோன்றுவதில்லை. மசே நிதி கல்விக் கடன் திட்டத்தில் சாதாரணக் கணக்குச் சேமிப்பில் 40 விழுக்காடு வரைதான் எடுக்கலாம். வீட்டுத் தவணை ஏற்கெனவே உறிஞ்சியது போக அங்கே என்ன மிச்சம் என்பது வேறு கதை. எடுத்த நாளிலிருந்து 2.5 விழுக்காடு வட்டி ஓடத் தொடங்கும். பிள்ளை படிப்பை முடித்து ஓராண்டு கழிந்ததும் வட்டியோடு ரொக்கமாகத் திருப்பிக் கட்ட வேண்டும். கல்வி அமைச்சின் கல்விக் கட்டணக் கடனில் கட்டணத்தின் 90 விழுக்காடு வரை கிடைக்கும், படிக்கும் காலத்தில் வட்டி இல்லை. ஆனால் படிப்பு முடிந்த பிறகு வங்கிகளின் வட்டி விகிதத்தை ஒட்டி ஏறும், பிணையாளரும் வேண்டும். எது நல்லது என்பது எவ்வளவு சீக்கிரம் அடைக்க முடியும் என்பதைப் பொறுத்தது. எவ்வளவு கடன் தேவை என்றே தெரியாத மே மாதத்தில் இதை எப்படி முடிவு செய்வது?

நிரந்தரவாசக் குடும்பங்களின் பாடு இன்னும் இறுக்கம். அவர்களுடைய கட்டணம் அதிகம், அரசாங்க உதவிநிதி சிங்கப்பூரர்களுக்கு மட்டுமே. மானியம் பெற்றால் படித்து முடித்து மூன்றாண்டு சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை செய்வதாகக் கையெழுத்திட வேண்டும். கட்டணக் கடனின் அந்த 90 விழுக்காடும் சிங்கப்பூரர் கட்டும் தொகையில்தான். இடையில் விழும் பள்ளத்தை, படிப்பில் சேர்ந்த பிறகு கண்டுபிடித்தவர்களை எனக்குத் தெரியும்.

நான் கேட்பது ஒன்றுதான். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு வாங்கப் போகிறவர்களுக்கு 2023 மே முதல் ஒரே தகுதிக் கடிதம் வருகிறது. வீடு வாங்கலாமா, மானியம் எவ்வளவு, வீவக கடன் எவ்வளவு என்று வீட்டைத் தேடிப் போகும் முன்பே அதில் சொல்லிவிடுகிறார்கள். அவர்கள் ஒப்புதல் தந்தால், சிங்பாஸ் என்ற அரசாங்க இணைய அடையாளக் கணக்கு வழியாக வருமான விவரங்களில் பெரும்பகுதி தானாகவே வந்து நிரம்புகிறது. பல்கலைக்கழக விண்ணப்பத்தின்போதே விருப்பப்பட்ட குடும்பங்களிடம் அதே ஒப்புதலை வாங்கி, இடம் தரும் கடிதத்தில் இரண்டு வரி சேர்த்தால் என்ன? உத்தேசமாக இவ்வளவு உதவிநிதி, கையிலிருந்து கட்ட வேண்டியது உத்தேசமாக இவ்வளவு. உத்தேசம் என்றே போடட்டும். பிறகு ஆவணங்களைச் சரிபார்த்துக் கூட்டட்டும், குறைக்கட்டும். இணையத்தில் கணக்குப் போடும் கருவிகள் இருக்கின்றன என்பார்கள். பாட்டி எந்த முகவரியில் சேர்த்தி என்று கருவி சொல்லாது.

தேசிய சேவைக்குப் போகும் பையன்களுக்கு இடத்தை இரண்டாண்டு வைத்திருக்கிறார்களே, அதற்குள் வருமானம் மாறிவிடாதா என்று கேட்கலாம். மாறும். அவர்களுக்கு மட்டும் பல்கலைக்கழகத்தில் சேரும் ஆண்டில் மறுபடி ஒரு கணக்கு அனுப்பலாம். இதைச் செய்வதில் வேறு என்ன தடை என்று கல்வி அமைச்சு உங்கள் நாளிதழ் வழியாக விளக்கினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஈசூன்