ஏதேனும் ஒரு பட்டம்

பல்கலைக்கழகத்தின் பணியமர்த்தல் பிரிவில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். நம் மருத்துவமனையில் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் பிரிவுக்கு, நாங்கள் சிஎஸ்எஸ்டி என்று சொல்லும் இடத்துக்கு, மேற்பார்வையாளர் வேண்டும் என்று அறிவிப்பு வெளியிட்டிருந்தீர்கள். தகுதி: ஏதேனும் ஒரு இளநிலைப் பட்டம். முன் அனுபவம்: விரும்பத்தக்கது.

நான் இதே பிரிவில் 11 வருடமாக இருக்கிறேன். படித்தது டிப்ளமோ. விண்ணப்பித்த அன்றைக்கே நிராகரிப்பு வந்துவிட்டது. கணினிதான் படித்திருக்கும், ஆள் படித்திருந்தால் இத்தனை வேகம் இருக்காது.

சரி, அதை விடுங்கள். அந்த ‘ஏதேனும்’தான் எனக்கு உறுத்துகிறது. வரலாறோ வணிகவியலோ எது படித்திருந்தாலும் போதும் என்றால், படிப்புக்கும் இந்த வேலைக்கும் சம்பந்தமில்லை என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். அப்புறம் எதற்குக் கேட்கிறீர்கள்?

நீராவியால் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவ் இயந்திரத்தில் 121 டிகிரி என்றால் 15 நிமிடம், 134 என்றால் 3 நிமிடம். இதை ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிடலாம். கருவி ட்ரே ஈரமாக வெளியே வந்தால், ஆபரேஷன் தியேட்டரிலிருந்து எத்தனை போன் வந்தாலும் அதைக் கொடுக்காமல் மறுபடி உள்ளே அனுப்புவதுதான் கஷ்டம். பொட்டலத்தில் ஒட்டிய டேப்பில் கோடு விழுந்தால் சூடு பட்டிருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். கிருமி செத்ததா என்று தெரிய, சூட்டுக்கு எளிதில் சாகாத பாக்டீரியா வித்துகளைக் கூடவே வைத்து எடுத்து, அவை பிறகு வளர்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கத்தரியை விரித்து வைக்காவிட்டால் அதன் கீலுக்குள் நீராவி சரியாகப் போகாது. புதிதாக வந்தவர் அதை மூடியபடி அடுக்குவதைப் போகிற போக்கில் கண்டுபிடிக்கிற கண் வேண்டும்.

பட்டம் இல்லாமலே வேலை தெரிந்தவருக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். விவியன் தாமஸ் 1930-இல் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில், அறுவை மருத்துவர் ஆல்ஃபிரட் பிளாலக்கின் ஆய்வகத்தில் சேர்ந்தவர். கல்லூரிக்கென்று சேமித்த பணம் பொருளாதார மந்தத்தில் வங்கியோடு போய்விட்டது. செய்தது ஆய்வு வேலை. சம்பளப் பட்டியலில் துப்புரவுப் பணியாளர். அவர் கறுப்பினத்தவர் என்பதும் அதற்குக் காரணம், அதை மறைக்க முடியாது. 1944 நவம்பரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பிளாலக், இதயக் குறையால் உடல் நீலம் பாய்ந்த குழந்தைகளுக்கான ‘நீலக் குழந்தை’ அறுவை சிகிச்சையை முதன்முதலாகச் செய்தபோது, பின்னால் ஸ்டூலில் நின்று வழி சொன்னவர் இவர்தான். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது 1976-இல்.

மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் போன்றவர்களுக்குப் படிப்பும் பதிவும் கட்டாயம். அதில் எனக்குத் தகராறே இல்லை. மற்ற பணிகளுக்குத் தகுதி வரியை எழுதும்போது, அந்தப் பிரிவில் வேலை செய்கிற ஒருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். ‘அல்லது அதற்கு இணையான அனுபவம்’ என்று நாலு சொல் சேருங்கள். இரவு ஷிஃப்ட் உண்டா, வேலை நிரந்தரமா ஒப்பந்தமா என்பதையும் சொல்லிவிடுங்கள். நேர்காணல் வரைக்கும் வந்து தெரிந்துகொள்கிற விஷயமா அது?

புதிய மேற்பார்வையாளர் அடுத்த மாதம் சேர்கிறாராம். அவருக்கு வேலை கற்றுக்கொடுக்கும் பொறுப்பை என்னிடம் தந்திருக்கிறார்கள். கத்தரியிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறேன். நேரமிருந்தால் நீங்களும் வந்து நில்லுங்கள், தலைக்குத் தொப்பி நாங்களே தருவோம்.

இப்படிக்கு,
சிஎஸ்எஸ்டி ஊழியர் ஒருவர்