சின்னவள் எம்.ஏ. படிக்கட்டும்

அன்புள்ள தேவி,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு இன்னும் பதில் எழுதவில்லை. கோபித்துக்கொள்ளாதே. மாமனாருக்குக் கண் ஆபரேஷன், அப்புறம் வீடு மாற்றம், அதிலேயே மாதங்கள் ஓடிவிட்டன. அவர் இப்போது தானே பேப்பர் படிக்கிறார். மற்றபடி எல்லோரும் நலம்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம். உன் மகள் சின்னவளுக்கு எம்.ஏ. எகனாமிக்ஸ் சீட் கிடைத்திருக்கிறது என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு, அடுத்த மூச்சிலேயே "இதைப் படிச்சு என்னடி ஆகப் போறா?" என்றாய். உன் வீட்டுக்காரர் பி.எட். என்கிறார், உன் அண்ணன் எம்.பி.ஏ. என்கிறார், சரி. ஆனால் நீ? விடுதிச் சுவரில் கரித்துண்டால் டிமாண்டு கர்வ் வரைந்து வார்டனிடம் மாட்டியவள் நீ! எனக்குப் பேச்சே வரவில்லை. ராத்திரி முழுக்க இதே நினைப்புதான்.

யோசித்துப் பார்த்தால் உன் கேள்வியில் நியாயம் இருக்கிறது. நாமும் அதே எம்.ஏ. எகனாமிக்ஸ்தானே படித்தோம். நீ பேங்க் பரீட்சை எழுதி கிளார்க் ஆனாய், அதற்கு பி.ஏ.வே போதும். நான் ஒரு தனியார் கல்லூரியில் நாலு வருடம் பாடம் நடத்தினேன். கையெழுத்துப் போட்ட சம்பளம் ஒன்று, கைக்கு வந்தது வேறு. அந்த நாட்களில் நானும் உன்னைப் போலத்தான் நினைத்தேன்.

தேவி, நமக்கு யாரும் வழி சொல்லவில்லை. அதுதான் என் ஆற்றாமை. இந்தியப் பொருளாதாரப் பணி என்று ஒன்று 1961 முதலே இருக்கிறது. யு.பி.எஸ்.சி. நடத்தும் பரீட்சை. கலெக்டர் பரீட்சையை எந்த டிகிரி வைத்திருப்பவரும் எழுதலாம். இதை எகனாமிக்ஸிலோ அதைச் சார்ந்த பாடத்திலோ முதுகலை முடித்தவர்கள் மட்டும்தான் எழுத முடியும். பொதுப் பொருளியலில் மூன்று தாள், இந்தியப் பொருளாதாரம் ஒரு தாள், ஒவ்வொன்றும் 200 மதிப்பெண். நாம் மொட்டை மாடியில் உட்கார்ந்து விடிய விடியப் படித்ததெல்லாம்தான் கேள்வி! வயது வரம்பு 30, ஓ.பி.சி.க்கு இன்னும் மூன்று வருடம். எனக்கு இந்தப் பரீட்சை இருப்பது தெரிந்தபோது வயது 35. ரிசர்வ் வங்கியிலும் ஆய்வுத் துறைக்கென்று தனியாக அதிகாரிகளை எடுக்கிறார்கள், அதற்கும் முதுகலை வேண்டும். அதுவும் பின்னால்தான் தெரிந்தது. சின்னவளுக்கு இப்போது 21. அவளிடம் இதையெல்லாம் இன்றைக்கே சொல்லிவிடு.

ஆனால் பரீட்சைகளைச் சொல்ல மட்டும் நான் பேனா எடுக்கவில்லை. கல்லூரியை விட்டதும் ஒரு கிராம சர்வேயில் சேர்ந்தேனே, திருவண்ணாமலைப் பக்கம், ஞாபகம் இருக்கிறதா? படிவத்தில் ஒவ்வொருவர் செய்யும் வேலைக்கும் ஓர் எண் உண்டு. வீட்டு வேலை மட்டும் பார்ப்பவர் 92. குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் உழைப்பவர் 21. ஒரு வீட்டுத் திண்ணையில் ஓர் அம்மா முறத்தை மடியில் வைத்துக்கொண்டு விதைக்கு மல்லாட்டை, அதுதான் நிலக்கடலை, உடைத்துக்கொண்டிருந்தார். "வேலை ஏதும் பார்க்கிறீங்களாம்மா?" "இல்லம்மா, வூட்ல சும்மாதான் இருக்கேன்." என்னோடு வந்த பையன் 92 என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டான். கொட்டகையில் இரண்டு மாடுகள் நின்றன. "பால் யாரும்மா கறக்கறது?" என்று கேட்டேன். விடிகாலை நாலரை மணிக்கு எழுந்து அவர்தான் கறக்கிறார், சொசைட்டிக்குத் தூக்கிப் போய் ஊற்றுவதும் அவர்தான். பால் அட்டை மட்டும் மகன் பெயரில். 92ஐ அடித்துவிட்டு 21 போட்டோம். அவர் கை அதுவரை ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை.

அந்தக் கேள்வி எனக்கு எம்.ஏ. வகுப்பிலிருந்துதான் வந்தது. தேசிய வருமானத்தில் எது சேரும், எது சேராது என்று சார் இரண்டு வாரம் நம்மை உலுக்கி எடுத்தாரே. வீட்டுக்குச் சமைத்தால் கணக்கில் வராது, வீட்டு மாட்டின் பாலை வீட்டிலேயே குடித்தாலும் கணக்கில் வரும் என்று. அன்றைக்கு அது எனக்கு வெறும் மனப்பாடம். அந்தத் திண்ணையில்தான் புரிந்தது. எத்தனை பெண்கள் வேலை செய்கிறார்கள் என்று அரசாங்கம் சொல்லும் எண்ணுக்குப் பின்னால் இப்படி ஒரு திண்ணையும் இன்னொரு கேள்வி கேட்க ஓர் ஆளும் வேண்டும். இன்றைக்கு எனக்குச் சோறு போடுகிற வேலையே அதுதான். ஆபீசில் யார் எந்த அட்டவணையைக் கொண்டுவந்தாலும், முதலில் கேள்விப் படிவத்தைக் காட்டச் சொல்லித்தான் கேட்பேன்.

ஒரு தவறு செய்தோம், அதை அவள் செய்யக் கூடாது. கணக்குக்குப் பயந்து, புள்ளிவிவரங்களைக் கணக்குப் போட்டு ஆராயும் எகனாமெட்ரிக்ஸை விட்டுவிட்டுக் கூட்டுறவுத் தாளை எடுத்தோமே, அது. அதில் வரும் ரிக்ரெஷனை நான் 36 வயதில் கற்றுக்கொண்டேன், பகலில் வேலை, ராத்திரியில் பாடம். ரொம்பக் கஷ்டப்பட்டேன். சேரும் இடத்தில் எகனாமெட்ரிக்ஸ் கட்டாயத் தாளா, பிள்ளைகளே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து டேட்டாவைக் கையாளுகிறார்களா என்று விசாரி. கட்டடத்தையும் விடுதிச் சாப்பாட்டையும் அப்புறம் பார்க்கலாம்.

ப்ராஜெக்டை உங்கள் ஊரிலேயே செய்யட்டும். 1916இல் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தன் மாணவர்களைக் கேள்விப் பட்டியலோடு கிராமங்களுக்கு அனுப்பினார் என்று சார் சொல்வாரே. அன்று எழுதி வைத்த விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டுக்கு 1930களிலும் 1980களிலும் 2008இலும் ஆட்கள் திரும்பப் போய்ப் பார்த்திருக்கிறார்கள். யார் நிலம் யார் கைக்குப் போனது, கூலி எப்படி மாறியது என்று ஒரே ஊரைத் தொண்ணூறு வருடத்துக்கு மேல் தொடர்ந்து பார்க்க முடிகிறது. உங்கள் ஊர்க் கண்மாய்க்கு அப்படி ஒரு நோட்டு இருந்தால் எப்படி இருக்கும்!

உன் வீட்டுக்காரர் சொல்வதும் தப்பில்லை. மேல்நிலைப் பள்ளியில் எகனாமிக்ஸ் முதுகலை ஆசிரியராகப் போக எம்.ஏ., பி.எட். இரண்டும் வேண்டும். அதனால் முதலில் எம்.ஏ. முடியட்டும். அண்ணனிடம் நீயே பேசிக்கொள்.

நம் பழைய மைக்ரோ எகனாமிக்ஸ் புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது. ஓரமெல்லாம் உன் கையெழுத்து. இந்த வாரம் பார்சல் போடுகிறேன். இரண்டாம் அத்தியாயத்தில் டிஃபரன்சியேஷன் கணக்கு வரும், அங்கே சின்னவள் தடுமாறினால் ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் எனக்குப் போன் பண்ணச் சொல். நான் சொல்லித் தருகிறேன்.

உன்,
வசந்தா