எலெக்ட்ரிக் கார் நேத்து வந்தது இல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எலெக்ட்ரிக் கார் பேச்சு வந்தாலே எல்லாரும் ஏதோ நேத்து கண்டுபிடிச்ச மாதிரி பேசுறாங்க, கேக்கவே ஆதங்கமா இருக்கு. பென்ஸோட பெட்ரோல் கார் வர்றதுக்கு முன்னாடியே, 1881ல பாரிஸ்ல குஸ்தாவ் த்ரூவே பேட்டரி போட்ட மூணு சக்கர வண்டிய ரோட்டுல ஓட்டிட்டாரு. 1897ல லண்டன், நியூயார்க்ல எலெக்ட்ரிக் டாக்சி ஓடுச்சு. 1899ல மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்த முதல்ல தாண்டுனதும் பேட்டரி கார்தான், ஓட்டுனவரு பெல்ஜியத்துக்காரர் கமில் ஜெனாட்சி.

அப்பல்லாம் பெட்ரோல் கார ஸ்டார்ட் பண்ணணும்னா இறங்கி முன்னாடி போய் நின்னு இரும்புக் கம்பிய சொருகி சுத்தணும், எஞ்சின் திடீர்னு திருப்பி அடிச்சா மணிக்கட்டே போயிடும். எலெக்ட்ரிக்ல அது இல்ல, கியர் இல்ல, புகை இல்ல. ஹென்ரி ஃபோர்டு மனைவி கிளாராவே டெட்ராய்ட் எலெக்ட்ரிக்தான் ஓட்டுனாங்கன்னா பாத்துக்குங்க!

அப்புறம் ஏன் காணாம போச்சு? 1908ல ஃபோர்டோட மாடல் டி வந்து போகப்போக விலை இறங்கிட்டே போச்சு, 1912ல கேடிலாக் கார்ல ஸ்டார்ட்டர் மோட்டார் வந்து கம்பி சுத்துற வேலையும் போச்சு. ஆனா எனக்கு முக்கியமா படுறது சார்ஜிங்தான். அப்ப அமெரிக்காவுல டவுன தாண்டினா கரண்ட்டே கிடையாது, பெட்ரோல்னா டின்ல வாங்கி ஊத்திட்டு போய்க்கிட்டே இருக்கலாம். ஆனா அங்கயே ஹார்ட்ஃபோர்ட் ஊர்ல கரண்ட் கம்பெனியே 1910கள்ல லாரிகளுக்கு பேட்டரி மாத்திக் கொடுத்துச்சு, அங்க பல வருஷம் நல்லாவே ஓடுச்சு.

நம்ம சிங்கப்பூர் தீவு ஒரு கோடியிலருந்து மறுகோடி சுமார் 50 கிலோமீட்டர்தான், 1905லயே கரண்ட்ல டிராம் ஓடுன ஊரு, 1926லருந்து 1962 வரைக்கும் டிராலிபஸ் (மேல போற கரண்ட் கம்பியில ஓடுற பஸ்) வேற. தூரம் நமக்கு பிரச்சினையே இல்லைங்க. ஆனா எச்டிபி அடுக்குமாடி வீட்டுல (அரசாங்கம் கட்டுன வீடு) இருக்குறவங்க வீட்டு வாசல்ல வயர் இழுத்து சார்ஜ் போட முடியுமா, கார்பார்க்க நம்பித்தான் இருக்கணும். 2030க்குள்ள 60,000 சார்ஜிங் பாயிண்ட்னு அரசாங்கம் இலக்கு வச்சிருக்கு, ரொம்ப சந்தோஷம். எங்க புளோக்ல என்னன்னா, சார்ஜ் ஏறி முடிஞ்ச கார் விடியிற வரைக்கும் அதே லாட்ல நிக்குது, டாக்சி ஓட்டுற பக்கத்து வீட்டு அண்ணன் ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு வந்து இடம் கிடைக்காம சுத்திட்டே இருக்காரு.

அதனால அடுத்த தடவ எலெக்ட்ரிக் கார் செய்தி போடும்போது காரோட விலை, சிஓஇ (கார் வச்சிருக்க வாங்குற உரிமைச் சான்றிதழ்) மட்டும் போடாம, எந்தப் பேட்டை கார்பார்க்ல எத்தன பாயிண்ட் வேலை செய்யுது, சார்ஜ் முடிஞ்சும் எடுக்காத காருக்கு என்ன நடவடிக்கைன்னு தயவுசெஞ்சு விசாரிச்சு போடுங்க.

இப்படிக்கு,
வாசகர், ஈசூன்