பொழிப்புரைக்கு முன் பாட்டைப் படிக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தரம் 8 படிக்கும் என் பேத்தி போன வாரம் இராச்சாப்பாடு முடிந்ததும் கொப்பியை மடியில் விரித்து எதையோ பாடமாக்கிக்கொண்டிருந்தாள். "செய்யுள், அம்மம்மா" என்றாள். வாங்கிப் பார்த்தேன். பதவுரை, பொழிப்புரை, அணி, மையக்கருத்து எல்லாம் இருந்தன, செய்யுள் மட்டும் இல்லை. பாட்டைச் சொல்லச் சொன்னேன். இரண்டாம் அடியிலேயே நின்றுவிட்டாள்.

பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன். நானும் 31 வருடம் தமிழ் படிப்பித்தவள், அதில் பாதிக்கு மேல் இப்படித்தான் படிப்பித்தேன். தவணைப் பரீட்சைக்கு முன் பாடங்களை முடிக்க வேண்டிய அவசரமும், நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பின் சத்தமும் எனக்குத் தெரியும். ஆனால் பொழிப்புரையை முதலில் கையில் கொடுத்துவிட்டால் பிள்ளை அப்புறம் பாட்டின் பக்கம் திரும்புவதே இல்லை.

ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்புதான் மாற்றிச் செய்து பார்த்தேன். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகளாரின் 'வெள்ளைநிற மல்லிகையோ' பாடல் எங்கள் பிள்ளைகளுக்குக் காதில் விழுந்து பழகியது. கல்லடியில் அவருடைய சமாதியிலும் அதைப் பொறித்திருக்கிறார்கள். அதை இரண்டு தரம் சத்தமாக வாசித்தேன். குறிப்பு ஒன்றும் கொடுக்காமல் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: இதில் யார் யாரோடு பேசுகிறார்?

"அடிகளார் கடவுளோடு பேசுகிறார்" என்று எல்லாரும் சொன்னார்கள். சரி, திரும்ப வாசியுங்கள் என்றேன். 'உள்ளக் கமலமடி உத்தமனார் வேண்டுவது' என்ற அடி வந்ததும் பின்வாங்கில் இருந்த ஒரு பையன் எழும்பி, "கடவுளைப் போய் 'அடி' என்று கூப்பிடுவாங்களா டீச்சர்?" என்றான். அவ்வளவுதான், வகுப்பு விழித்துக்கொண்டது. இரண்டு தோழிகள் பேசுகிறார்கள், இறைவனுக்கு உகந்த மலர் எது என்று ஒருத்தி கேட்கிறாள், மற்றவள் விடை சொல்கிறாள் என்று அவர்களே கண்டுபிடித்தார்கள்.

அடுத்த பகுதிகளில் கூப்பிய கை காந்தளாகவும் விழி நெய்தலாகவும் வருகின்றன. காந்தள் என்பது நம் கார்த்திகைப்பூதான் என்று மட்டும் சொன்னேன். உடனே ஒரு பிள்ளை தன் இரண்டு கைகளையும் கூப்பி விரல்நுனிகளை உயர்த்திக் காட்டினாள். குளத்தோரக் கிராமத்திலிருந்து வந்த இன்னொருத்தி சொன்னதை நான் மறக்கவே மாட்டேன்: "நெய்தல் தண்ணிக்குள்ளதானே டீச்சர் நிற்கும், கும்பிட்டு அழுகிற கண்ணும் தண்ணிக்குள்ளதான்." அத்தனை வருடமும் நான் எழுதிக் கொடுத்த எந்தக் குறிப்பிலும் அது இருந்ததில்லை.

பிள்ளை சொல்வதெல்லாம் சரியாகிவிடாது என்பதும் உண்மைதான். அடிகளாருக்கு மல்லிகை பிடிக்காது என்றான் ஒருவன். எந்தச் சொல் அப்படிச் சொல்கிறது, காட்டு என்றேன். தேடினான், கிடைக்கவில்லை, தானாகவே விட்டுவிட்டான்.

என் மனதை அரிப்பது புள்ளி போடும் முறைதான். பேத்தி ஒருமுறை தன் சொந்த விளக்கத்தை, பாட்டின் அடியையும் எடுத்துக் காட்டி எழுதியிருந்தாள். 'விடையில் இல்லை' என்று புள்ளியே போடவில்லை. அதற்குப் பிறகுதான் அவள் பொழிப்புரையைப் பாடமாக்கத் தொடங்கினாள்.

தரம் 6 முதல் 9 வரை வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். தவணைக்கு ஒரு கேள்வியாவது பாடப்புத்தகத்தில் இல்லாத கவிதையிலிருந்து வரட்டும். பிள்ளை எந்தச் சொல்லை வைத்து அப்படி விளங்கிக்கொண்டது என்று பார்த்துப் புள்ளி போடுங்கள். கவிதைக்குத் தூரம் போகத் தேவையில்லை. பெரியநீலாவணையில் பிறந்த நீலாவணன் நம் வயல் வாழ்க்கையைக் காவியமாகவே பாடிவைத்திருக்கிறார். அதில் எட்டு அடி எடுத்துக் கொடுங்கள். சூடடிக்கிற களத்தில் நின்று பார்த்த பிள்ளைக்கு அதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கும்.

ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியை,
களுவாஞ்சிகுடி.